லிம், பி. ஜி.

லிம் பைக் கான் என்னும் முழுப்பெயர் கொண்ட பி. ஜி. லிம் (இறப்பு: மே 7, 2013) பினாங்கு வழக்கறிஞர், மலேசியாவின் முதல் பெண் தூதர். முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் பிறந்து ஜார்ஜ் டவுனில் வளர்ந்தார்.

தந்தை லிம் செங் இயன் கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர். நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் பினாங்கின் சார்பில் அமர்ந்தவர். காலனி அரசின் கல்விக் கொள்கையை எதிர்த்து அங்கிருந்து வெளிநடப்புச் செய்தவர். தாய் ரோசலின் ஹோலிம் பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த சீனப் பெண்மணி. சகோதரர் லிம் கியன் சாய், 1945இல் சிங்கப்பூரில் மலாயா ஜனநாயக ஒன்றியத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இன்னொரு சகோதரர் லிம் கியன் சியூ, தொழிலாளர் கட்சித் தலைவர்களுள் ஒருவர். டத்தோ கிராமாட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அரசை எதிர்த்துப் பேசுவது இவ்வீட்டில் சாப்பாட்டு மேசை வழக்கமாகவே இருந்திருக்க வேண்டும். பெண் வழக்கறிஞரும் பினாங்குக்குப் புதிதல்ல. இதே ஊர் வழக்கறிஞர் லிம் பெங் ஹொங் (திருமதி பி. எச். ஊன்) 1948இல் கூட்டரசு சட்டமன்றத்திலும் இடம்பெற்றார்.

கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் சட்டம் பயின்ற பி. ஜி. லிம், கோலாலம்பூரில் தொழிற்சங்கங்களுக்காக வாதாடினார். தமிழர் மிகுந்திருந்த ரயில்வே தொழிலாளர் சங்கமும் அவற்றுள் ஒன்று. தொழிலாளர் கட்சியிலும் பணியாற்றினார். இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய மோதல் தொடர்பாகத் தூக்குத் தண்டனை பெற்ற 11 இளைஞர்களுக்காக 1968இல் போராடி உயிர்ப்பிச்சை பெற்றுத் தந்ததே இவர் வாழ்வின் பெருஞ்செயல்.

மே 13, 1969 இனக் கலவரத்துக்குப் பின் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக் அமைத்த தேசிய ஆலோசனை மன்றத்தில் இடம்பெற்றார். 1971இல் ஐ.நா.வுக்கான துணை நிரந்தரப் பிரதிநிதியானார். மறு ஆண்டு தொழிலாளர் கட்சியின் பதிவு ரத்தானபோது, அக்கட்சியின் பழைய வழக்கறிஞர் நியூயார்க்கில் அரசின் குரலாக இருந்தார். இதைக் கொள்கை மாற்றமாகக் கொள்வதற்கில்லை. கலவரத்தால் பிளந்த நாட்டுக்கு அவரது சட்டத்திறன் தேவைப்பட்டது. 1973இல் டிட்டோவின் யூகோஸ்லாவியாவுக்கும் பின்னர் ஆஸ்திரியா, பெல்ஜியம் ஆகியவற்றுக்கும் தூதரானார்.

1982 முதல் 2000 வரை கோலாலம்பூர் வட்டார நடுவர் தீர்ப்பு மையத்தின் இயக்குநர். அம்மையம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. நினைவுக் குறிப்பு நூல் ‘கெலைடோஸ்கோப்’ 2012இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் காலமானார்.