எரிந்த பதிவுகளும் எஞ்சிய பேரேடும்

முதல் உலகப்போரில் மாண்ட பிரிட்டிஷ் காலாட்படை வீரன் ஒருவனின் பணிப்பதிவைத் தேடிச் செல்வோர் முதலில் எதிர்கொள்வது சாம்பலே. 1940 செப்டம்பரில், லண்டன் ஆர்ன்சைடு தெருவிலிருந்த யுத்த இலாகாவின் ஆவணக் கிடங்கு ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்தது. அப்போரில் பணிபுரிந்த சாதாரண வீரர்களின் பதிவுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. தப்பியவற்றுள் பல கருகியும் நீரில் ஊறியும் கிடைத்தன.

ஆகவே சுற்றுவழியே செல்லவேண்டியதாகிறது. பட்டாலியனின் போர் நாட்குறிப்பு தாக்குதல் நடந்த இடத்தையும் நாளையும் கூறும்; ஆனால் அதிகாரிகளையே அது பெயர் சொல்லிக் குறிக்கும். மாண்ட மற்றையோர் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கையாகவே நிற்பர். பதக்க அட்டை வீரனின் ரெஜிமெண்டையும் எண்ணையும் தரும். எண்ணை மட்டும் நம்புதல் தகாது. வெவ்வேறு ரெஜிமெண்டுகளில் ஒரே எண் பலருக்கு வழங்கிற்று.

இவற்றினும் மிகுதியாகப் பேசுவது, ஆய்வாளர் எளிதில் புறக்கணிக்கும் ஒரு பேரேடு. இறந்தவனின் சம்பள பாக்கி யாரிடம் சேர்ந்தது என்பதை அது குறித்துவைத்தது. தாயோ மனைவியோ அங்கே பெயருடன் நிற்கிறார். (அப்பெயரிலும் ஐயம் எழுந்தால், சிற்றூர்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடே துணை. பதிவேடுகளை எழுதும் நாம் இதனை நினைவிற்கொள்வது நன்று.)

போருக்குப்பின் வழங்கப்பட்ட கருணைத்தொகையும் அப்பேரேட்டில் உண்டு. கடல்கடந்து பணியாற்றிய சாதாரண வீரனுக்கு முதலாண்டுக்கு 5 பவுன். அதன்பின் மாதத்திற்கு 10 ஷில்லிங். மாண்ட மகனுக்காக ஒரு தாய் பெற்ற தொகையைக் கொண்டு, அவன் எவ்வளவு காலம் பணிபுரிந்தான் என்பதைத் தோராயமாகக் கணிக்கலாம்.