உதவி யார் பெயரில்? அமெரிக்கப் படைவீரர் குடும்பங்களும் பராமரிப்பு உதவித்தொகையும்

உழைக்கும் திறனை முற்றிலும் இழந்த சாதாரணச் சிப்பாய்க்கு, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தின் 1862ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் மாதம் 8 டாலர் கொடுத்தது. 1866இல் வந்த சட்டம், பிறர் துணையின்றி அன்றாடம் வாழவே இயலாதவர்களையும் கணக்கில் எடுத்து அவர்களுக்கு 25 டாலர் வகுத்தது. இவ்வகையினருக்கான தொகை 1874இல் 50 டாலராகவும், 1880இல் 72 டாலராகவும் ஏறியது. இவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, புண்ணுக்கு மருந்திட்டவர்கள் பெரும்பாலும் மனைவி, தாய், சகோதரி. பணம் அவர்கள் உழைப்பைக் காரணம் காட்டித்தான் வந்தது; வந்ததோ சிப்பாயின் பெயரில்.

முதல் உலகப் போரின்போது, 1917இல் திருத்தப்பட்ட போர் இடர்க் காப்பீட்டுச் சட்டம் செவிலியையோ உதவியாளரையோ எந்நேரமும் நம்பியிருப்பவருக்கு மாதம் 20 டாலர் வரை கூடுதலாகத் தந்தது. அதுவும் வீரர் கையில்தான். உடலிழப்புக்கு அரசு தரும் இழப்பீடு என்ற கருத்துக்குள்ளேயே சட்டம் நின்றதால், பராமரிப்பவர் தனக்கென உரிமை கோரக்கூடிய ஆளாக அதில் இடம்பெறவில்லை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு இதே நிலைதான்.

இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் இதை அசைத்தன. முந்தைய போர்களில் களத்திலேயே மாண்டிருக்கக்கூடியவர்கள், விரைவான வான்வழி மீட்பாலும் அறுவைச் சிகிச்சையாலும் பிழைத்து வீடு திரும்பினார்கள். சாலையோரக் குண்டுகளால் மூளைக் காயம்பட்ட பலருக்குக் கைகால் நலமாயிருந்தும் நினைவும் நிதானமும் தவறின. அவர்களைத் தனியே விட்டுவைக்க முடியவில்லை. பார்த்துக்கொள்ள இளம் மனைவியரும் ஐம்பது வயதுத் தாய்மாரும் வேலையை விட்டார்கள். அமெரிக்காவில் வேலை போனால் சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் போய்விடக்கூடும் என்பதை நம் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இத்தகைய குடும்பங்களும் படைவீரர் அமைப்புகளும் நாடாளுமன்றத்தை நெருக்கின. 2010 மே 5ஆம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின்படி உதவித்தொகை முதன்முறையாகப் பராமரிப்பவருக்கே நேரடியாகச் சென்றது. மருத்துவக் காப்பீடு, பயிற்சி, ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் மாற்றுப் பராமரிப்பு ஆகியவையும் சேர்ந்தன.

தொகையைக் கணக்கிட்ட விதம் கவனிக்கத்தக்கது. உடுத்தல், குளித்தல், உண்ணுதல், நடமாடுதல் போன்ற ஏழு அன்றாடச் செயல்கள். வலிப்பு, மறதி, தூக்கக் கோளாறு, தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை போன்ற ஏழு மேற்பார்வைத் தேவைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 21ஐ எட்டினால் வாரம் 40 மணி நேர உழைப்பு என்று கணக்கு. 13 முதல் 20 வரை 25 மணி. அதற்குக் கீழ் 10 மணி. இரவு இரண்டு மணிக்கு அலறி எழுபவரை அணைத்துப் படுக்க வைக்கும் உழைப்பை இந்த அட்டவணை எப்படி அளந்திருக்கும் என்ற ஐயம் எழாமலில்லை.

திட்டத்தில் சுமார் 4,000 பேர் சேருவார்கள் என்று படைவீரர் நலத்துறை எதிர்பார்த்தது. 2014 மே மாதத்திற்குள் ஏறத்தாழ 15,600 பேர் அனுமதி பெற்றிருந்தனர். தேவை எவ்வளவு காலம் கண்ணில் படாமலே கிடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பின் காயமடைந்தவர்களுக்கே இத்திட்டம் என்ற வரம்பு வியட்நாம் வீரர்களின் மனைவியரை வாசலிலேயே நிறுத்தியது. செலவைக் கட்டுப்படுத்தும் நோக்கம் தவிர இதற்கு வேறு நியாயம் தென்படவில்லை. 2018 ஜூனில் வந்த மிஷன் சட்டம் அந்த வரம்பை நீக்க ஆணையிட்டது. ஆனால் கணினி அமைப்பு தயாராகத் தாமதமானதால், 1975 மே 7 அல்லது அதற்கு முன் காயமடைந்தவர்களுக்கு 2020 அக்டோபரிலும், இடைப்பட்ட காலத்தவர்க்கு 2022 அக்டோபரிலுமே கதவு திறந்தது.

கதவு அகன்ற அதே வேளையில் வாசற்படி உயர்ந்தது. 2020 விதிகள் குறைந்தது 70 சதவீத ஊனத்தைக் கோரின; அன்றாடச் செயலைச் செய்யும் ஒவ்வொரு முறையும் உதவி தேவைப்பட வேண்டும் என்றன. இன்று தானே சட்டை மாட்டிக்கொண்டு நாளை முடியாமல் போகிறவர் இதில் தேறுவது கடினம். ஏற்கெனவே உதவி பெற்றுவந்தவர்களில் பெரும்பகுதியினர் மறுமதிப்பீட்டில் விலக்கப்படுவார்கள் என்று தெரிந்ததும், 2022 மார்ச்சில் துறையே அந்த விலக்கல்களை நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், இத்திட்டம் குறித்த முடிவுகளை எதிர்த்துப் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. துறையோ அதுவரை இவை மருத்துவத் தீர்மானங்கள், மேல்முறையீட்டுக்கு உட்பட்டவை அல்ல என்று வாதிட்டு வந்தது.

பணம் பெறுபவரின் பெயர் மாறியிருந்தாலும் அதைக் கூலியாக ஏற்க அரசு இன்றும் முன்வரவில்லை. இந்த உதவி எவ்வித வேலை உறவையும் உண்டாக்காது என்று 2010 சட்டமே எழுதி வைத்திருக்கிறது. உதவித்தொகைக்கு வரியில்லை, சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் இல்லை. அதனால் பராமரிப்பில் கழித்த ஆண்டுகள் மனைவியின் சொந்த முதுமைக்கால ஓய்வூதியக் கணக்கில் ஏறுவதில்லை.