முன்சக்கரக் கோணங்கள் வந்த வழி

நான்கு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரே முளையில் திரும்பும். கூர்மையான வளைவில் வண்டியைத் தாங்கும் அகலம் குறுகிவிடுவதால் அது குடைசாய்வதும் உண்டு. மியூனிக் நகரில் வண்டி செய்துவந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார்: அச்சு அசையாமல் நிற்கும், சக்கரங்கள் மட்டும் தத்தம் முளையில் திரும்பும். 1818இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை எடுத்தவர் அவருடைய முகவரும் இலண்டனில் படங்கள் அச்சிட்டு விற்றவருமான ருடால்ப் ஆக்கர்மன். இன்றும் அந்த அமைப்பு ஆக்கர்மன் பெயரிலேயே வழங்குகிறது. பெயர் சூட்டுவதில் வரலாறு அவ்வளவு நேர்மையானதல்ல.

வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பினால்தான் இரண்டும் தேயாமல் உருளும். இந்தச் சிக்கல் பிடிபடாததால்தான் கார்ல் பென்ஸ் 1886இல் மூன்று சக்கர வண்டியோடு நிறுத்திக்கொண்டார். தமக்கு நிறைவளித்த திசைதிருப்பி அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றது 1893இல்.

தனித்தனி முளைகள் வந்ததும் புதுத் தொல்லை தொடங்கியது. கல்லில் மோதிய சக்கரம் தன் போக்கில் திரும்பி ஓட்டுநரின் கையிலிருந்து திசைதிருப்பியைப் பறித்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆர்த்தர் கிரெப்ஸ் 1896ஆம் ஆண்டுக் காப்புரிமையில் இதற்குத் தீர்வு சொன்னார். முளையின் மேல்முனையைப் பின்னுக்குச் சாய்த்தால் அதன் நீட்சி, டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். டயர் அதன் பின்னே இழுபட்டு வருவதால், கையை விட்டதும் சக்கரம் தானாக நேராகும். கேஸ்டர் எனப்படும் கோணம் இதுவே. காருக்கென்றே சிந்தித்துக் கண்டது என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற இரண்டு கோணங்களான கேம்பரும் டோ-இன்னும் தச்சர் பட்டறைச் சொத்து. ஐரோப்பிய வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். பாரம் தாங்கும் கீழ் ஆரம் செங்குத்தாக நிற்பதற்காக அச்சு முனையைச் சற்றுக் கீழே வளைப்பார்கள். சக்கரத்தின் தலை வெளியே சாயும். அப்படிச் சாய்ந்த சக்கரம், படுக்கவைத்து உருட்டிய புனல்போல வெளிப்பக்கமாக வட்டமடிக்கப் பார்க்கும். அதை அடக்க அச்சு முனையை முன்பக்கமாகவும் சிறிது வளைத்தார்கள். முதல் வளைவு காரில் கேம்பர் ஆனது, இரண்டாவது டோ-இன் ஆனது. அக்காலக் கார்களுக்கு வெளிச்சாய்வு வேறு வகையிலும் உதவியது: டயர் தரையைத் தொடும் இடம் முளையின் நீட்சிக்கு நெருங்கி வந்ததால் ஸ்டியரிங் இலகுவானது.

1920களில் அழுத்தம் குறைந்த பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்குகளும் பரவின. கூடவே முன்சக்கரங்கள் இடமும் வலமும் படபடக்கும் நோயும் பரவியது. டயர் தான் நோக்கும் திசையிலேயே உருள்வதில்லை, பக்கவிசைக்குச் சற்று நழுவுகிறது என்று பிரான்சின் ஜார்ஜ் புருயே 1925இல் விளக்கினார். கேஸ்டர் மிகுந்தால் படபடப்பும் மிகும் என்பது தெரிந்தது. 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி தலைமையில் நடந்த ஆய்வுகளின் பயனாகத் தனித்தனி முன்சக்கரத் தொங்கல் (சஸ்பென்ஷன்) வந்தபோது, கோணங்கள் நிலையான எண்களாக இருந்த காலம் முடிந்தது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவை மாறின.

1949இல் மிஷ்லென் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயர் நெடுநாள் உழைப்பது. நெடுநாள் ஓடும் டயரில் கோணப் பிழையும் நெடுநாள் வேலை செய்யும். கேம்பர் வெளியே மிகுந்தால் வெளித்தோளும், உள்ளே மிகுந்தால் உள்தோளும் வழவழப்பாகத் தேயும். டோ-இன் மிகுந்தாலும் வெளித்தோள்தான் தேயும். ஆனால் ரப்பர் கட்டிகளின் விளிம்பு ரம்பப்பல்லாக நிமிர்ந்திருக்கும். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் உறுத்தும். டயரை அதிகம் தின்பது டோ பிழையே. சக்கரம் ஒரு பாகை திசைமாறி நின்றால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். கேஸ்டர் டயரை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. ஆனால் இருபுறமும் ஒத்திராவிட்டால், அது குறைந்த பக்கம் வண்டி இழுக்கும்.

ஃபோர்டு பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் பெயர்கொண்ட ஸ்ட்ரட் தொங்கல் சிறு கார்களில் பரவியபின், பெரும்பாலானவற்றில் பட்டறையில் திருகி மாற்றக்கூடியது டோ மட்டும்தான். அத்தகைய காரில் கேம்பர் தவறியிருந்தால் பள்ளத்திலோ நடைமேடை விளிம்பிலோ மோதி ஏதோ வளைந்திருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும்; வளைந்த பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் மட்டும் செய்வது வீண் செலவு.