ஊர்ப்பணமும் ஊரார் வங்கியும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த சிற்றூர் நாவுல. வயலும் சேனையுமே இவ்வட்டாரத்தின் வாழ்வு. உழவனுக்குப் பணம் கைக்கு வருவது அறுவடைக்குப் பின்னர்; அது தேவைப்படுவதோ விதைப்புக்கு முன்னர். இவ்விடைக்காலத்தை அவன் கடப்பது எங்ஙனம்? வட்டிக்குக் கொடுப்போரும் கடன்தரும் கடைக்காரரும் நெடுங்காலமாக நின்ற இடம் இதுவே. ஊராரே தமக்கென ஒரு வங்கியை உடைமையாகக் கொள்ளவேண்டும் என்ற எண்ணம் பிறந்த இடமும் இதுவே.

இவ்வெண்ணத்துக்கு உருக்கொடுத்தோருள் முதன்மையானவர் ஜெர்மனி நாட்டு ரைபைசன். 1864இல் அவர் அமைத்த கடன் சங்கத்தில் உறுப்பினர் அனைவரும் ஒருவர் கடனுக்கு ஒருவர் பொறுப்பாளிகள். கடன் கேட்பவனின் நிலத்தைவிட அவன் நாணயமே அங்கு ஈடாயிற்று. அயலான் உழைப்பாளியா, சோம்பேறியா என்பதை அயலவரன்றி வேறு யார் அறிவார்? இந்தியாவில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் தோன்றியது.

இரண்டாண்டு கழித்து, 1906இல், இலங்கையின் முதற் கடன் சங்கம் தும்பறையில் எழுந்தது. நாவுலவுக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரின் மறுபுறத்துப் பிரதேசமே தும்பறை. இத்தகைய சங்கங்களுக்குரிய கட்டளைச் சட்டம் வந்தது 1911இல்தான். முன்னே நடந்தது மக்கள் முயற்சி. சட்டம் அதைப் பின்தொடர்ந்தது. யாழ்ப்பாணத்திலோ ஐக்கிய நாணய சங்கங்கள் பல ஒன்றுகூடி, 1929இல் தமக்கெனக் கூட்டுறவு வங்கியொன்றை நிறுவின.

அக்காலத்துப் பெரு வங்கிகள் அந்நியருடையவை. அவை ஏற்றுமதி வாணிபத்துக்கும் தோட்டத்துரைமாருக்கும் பணியாற்றின. உள்ளூர் வணிகர்க்குப் பெரும்பாலும் செட்டிமார் வழியாகவே கடன் கிட்டியது. இக்குறையை ஆராய்ந்த வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961இல் மக்கள் வங்கியும், அதன் துணையோடு 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் தோன்றின. கிராமத்தவர் சேமிக்கவும், நகை ஈடு வைக்கவும், கடன் பெறவும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலேயே வழி பிறந்தது.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கிராமிய வங்கிகள் திரட்டிய வைப்புத்தொகை பெரிது. ஊரில் கடனாகத் திரும்பியது அதனினும் மிகச் சிறிது. எஞ்சிய பணம் மேலிடத்துக்குப் போயிற்று. மக்கள் வங்கியின் பங்குகளுள்ளும் பெரும்பகுதி அரசிடமும், சிறுபகுதியே கூட்டுறவுச் சங்கங்களிடமும் உள்ளன. பெயரில் மக்கள் இருப்பது வேறு. உடைமையில் மக்கள் இருப்பது வேறு. ஊர்ப்பணம் எங்குச் செல்லவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவரே வங்கியின் உண்மையான உடைமையாளர்.

1978இல் கிரிவந்தெனிய என்பவர் கேகாலை மாவட்டத்தில், நலிவுற்றிருந்த சிக்கனக் கடனுதவு சங்கங்களுக்குப் புத்துயிர் ஊட்டத் தொடங்கினார். 'சணச' எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் நாடெங்கும் பரவியது. இதன் வெற்றிக்கு அடிப்படை பழைய விதிகளே: உறுப்பினர்க்கு ஒருவருக்கு ஒரு வாக்கு, முதலில் சேமிப்பு, பின்னர் கடன்.

ஊரார் வங்கிக்கும் இடர்கள் உண்டு. வறட்சி வந்தால் ஊரே ஒருங்கே கடனைத் திருப்ப இயலாது தவிக்கும். ஆதலால் சங்கங்கள் ஒன்றையொன்று தாங்கும் கூட்டிணைப்பு வேண்டும். தலைவரின் உறவினர்க்கே கடன் போகும் அபாயமும் உண்டு. ஆதலால் வெளியார் கணக்காய்வு வேண்டும். கட்சி அரசியல் உள்ளே புகின் சங்கம் குலையும்.

நாவுலவைச் சூழ்ந்த வறள்நிலத்தில் குளம் என்பது தனியொருவர் சொத்தன்று. அணையைத் திருத்தும் கடமையும், நீரைப் பகிரும் உரிமையும் வயலுடையார் அனைவர்க்கும் பொது. நீரை அவ்வாறு ஆண்ட மக்களுக்குத் தம் பணத்தை அவ்வாறே ஆளுதல் புதிய பாடமாகாது.