மாதொருபாகர் செப்புத்திருமேனி

இறைவனை மாதொருபாகனாக வழிபடும் மரபு மிகத் தொன்மையானது. திருச்செங்கோட்டில் மூலவரே அத்திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கின்றார். மாமல்லபுரத்துத் தருமராச ரதத்தில் 7ஆம் நூற்றாண்டிலேயே பல்லவச் சிற்பியர் அவ்வுருவைக் கல்லில் வடித்தனர். ஆயினும், கல்லைக் காட்டிலும் செம்பில் அதனை அமைப்பதே அரிதென்பது எம் கருத்து. சுவரோடொட்டிய கல்லுருவுக்கு முன்புறம் ஒன்றே அழகுபெற்றால் போதும். உலாத் திருமேனிக்கோ எப்புறமும் அழகு வேண்டும். ஆணும் பெண்ணுமாகிய இரு வேறு உடலமைதிகள் முதுகிலும் பக்கத்திலும் பிணக்கின்றிக் கூட வேண்டும்.

இதனைச் செய்து காட்டியவர்கள் சோழநாட்டு ஸ்தபதியர். சீகாழிக்கு அணித்தான திருவெண்காட்டுக் கோயிலுக்கு 1011ஆம் ஆண்டில் இடபவாகனர் திருமேனியும், மறு ஆண்டில் அவர்தம் தேவியின் திருமேனியும் செய்தளிக்கப்பெற்றன. தஞ்சைக் கலைக்கூடத்தில் அவற்றைக் காண்போர், தனித்தனியே வார்த்த இரு திருமேனிகள் ஒன்றையொன்று நாடி நிற்கும் நயத்தை உணர்வர். அந்நூற்றாண்டிலேயே அத்தலத்துக்கென அமைந்த அர்த்தநாரீசுவரரிடத்திலோ இருவரும் ஒருவராயினர்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அத்திருமேனிக்கு மூன்றே கரங்கள். வலப்பால் இரண்டு, இடப்பால் ஒன்று. மாமல்லையில் நான்கு கரங்களைக் காண்கிறோமே, இங்கு ஒன்று குறைந்ததென்னை? இருபுறமும் எண்ணிக்கையால் ஒத்திருத்தலே ஒருமை என்று அச்சிற்பி கருதவில்லை போலும்! அம்மையின் பாகத்தில் ஒரே கரம் மெல்லென வளைந்து தாழ்கின்றது. இடை புறத்தே நெளிகின்றது. துகில் கணுக்கால்வரை படிகின்றது. அப்பனின் பாகத்தில் தோள் அகன்று, உடை தொடையளவில் நிற்கின்றது. வேற்றுமை எதனையும் மறைத்தாரில்லை. அங்ஙனமிருந்தும் இரு பாகங்களையும் பிரிக்கும் கோடு எங்கேயென்று தேடின் அகப்படுவதில்லை.

வார்ப்பு முறையும் இதற்குத் துணைநின்றது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் கருவை முழுவுருவாக அமைப்பர். அதன்மேல் வண்டல்மண் பூசி உலர்த்திக் காய்ச்சுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தைப் பெய்வர். இரு பாதிகளை வெவ்வேறாக வார்த்துப் பற்றவைத்ததன்று அது. அம்மையும் அப்பனும் மெழுகிலேயே கூடியவர்கள். புதிதாகத் திருமேனி செய்விக்கும் அன்பர்கள், கும்பாபிஷேக நாளை முன்னிட்டு ஸ்தபதியரை அவசரப்படுத்தாதிருத்தல் நன்று. உருவின் நெளிவும் குழைவும் பெரிதும் மெழுகு நிலையிலேயே முடிவாகின்றன. பின்னர் உளிகொண்டு திருத்தக் கூடியது சிறிதே. உலோகம் ஆறியபின் மண்ணச்சை உடைத்தே திருமேனியை வெளிக்கொணர்வர். ஆதலின் அவ்வச்சில் மற்றொன்று வார்ப்பதற்கில்லை.