இன்கா மலைப்பாதை

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மாச்சு பிச்சு தொல்நகரத்துக்கு ஏறிச் செல்லும், ஏறத்தாழ 43 கி.மீ. நீளமுள்ள நடைவழி. இன்காப் பேரரசின் பகுதிகளை இணைத்த ‘கபாக் ஞான்’ என்னும் பெருவழித் தொகுதியின் கிளையான இது, 15ஆம் நூற்றாண்டில் பச்சகுத்தி மன்னன் காலத்தில் அமைந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எனினும் மாச்சு பிச்சுவில் 1420 அளவிலேயே, அதாவது அம்மன்னன் ஆட்சிக்கு வந்ததாகக் கொள்ளப்படும் காலத்துக்கு முன்பே, மக்கள் குடியிருந்தனர் என 2021இல் வெளிவந்த கரிமக் காலக்கணிப்பு காட்டுவதால், இக்கருத்து திருத்தம் பெறக்கூடும். ஆற்றோரமாகச் சுருக்கவழி இருக்க, இப்பாதை 4,200 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து செல்வதால், இதைச் சடங்குவழி என்பர் சிலர்; அரச குடும்பத்தின் மலைத்தோட்டங்களை இணைத்த வழி என்பர் வேறு சிலர்.

சக்கர வண்டியும் குதிரையும் அறியாத இன்காக்கள் மனிதக் காலுக்கும் லாமா என்னும் சுமைவிலங்குக்கும் ஏற்ப வழி சமைத்ததால், செங்குத்தான சரிவுகளிலும் வளைந்து வளைந்து ஏறாமல் படிகளாகவே பாதை எழுகிறது. ஓரிடத்தில் இயற்கையான பாறைப்பிளவை அகலப்படுத்திச் சுரங்கமாக்கி, அதனுள்ளும் படி செதுக்கியிருப்பது அக்கால வினைத்திறனுக்கு ஒப்பற்ற சான்றாகும்.

ஸ்பானியர் வருகைக்குப் பின் பாதை கைவிடப்பட்டுக் காடு மூடியது.

1911 ஜூலை 24 அன்று அமெரிக்கரான ஹிராம் பிங்கம், மெல்சோர் ஆர்த்தேகா என்னும் உழவர் வழிகாட்ட மாச்சு பிச்சுவை அடைந்தார். அவர் வந்தது ஆற்றோர வழியாகவே. அங்கே அப்போது உழவர் குடும்பங்கள் வாழ்ந்துவந்ததாலும், அகுஸ்தின் லிசாராகா என்பவர் 1902இலேயே கோயிற் சுவரொன்றில் தம் பெயரைக் கரியால் எழுதியிருந்ததாலும், ‘கண்டுபிடித்தவர்’ என்னும் அடைமொழி பிங்கமுக்குப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. 1915இல் மீண்டும் வந்த பிங்கம் மலைப்பாதையின் சில பகுதிகளைத் தொடர்ந்து சென்று, வழியிலிருந்த இடிபாடுகளையும் கண்டார். ஹங்கேரியில் பிறந்து, திரைப்பட இயக்குநராயிருந்து மானிடவியலுக்கு வந்த பால் ஃபெயோஸ் 1940–41இல் நடத்திய ஆய்வே பாதையை முறையாக வெளிக்கொணர்ந்தது. சயக்மார்க்கா முதலிய வழியோர இடிபாடுகள் இன்று வழங்கும் பெயர்களைப் பெற்றது அப்போதுதான். வினாய் வைனா என்னும் மற்றோர் வழியோர இடிபாட்டின் அடுக்கடுக்கான பயிர்மேடைகளும் நீராட்டுத் தொட்டிகளின் வரிசையும் வெளிப்பட்டதும் அக்காலத்திலேயே. அவ்விடத்துக்கு, அங்கே பூக்கும் ஆர்க்கிட் ஒன்றின் பெயரைத் தொல்லியலாளர் ஹூலியோ தெல்லோ 1942இல் சூட்டினார்.

மாச்சு பிச்சு 1983இலும் கபாக் ஞான் 2014இலும் உலக மரபுச் சின்னங்களாயின. மலையேறுவோர் பெருகிக் கற்படிகள் தேய்ந்ததால், சுமைதூக்குவோர் உட்பட நாளொன்றுக்கு 500 பேர் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. மழை மிகும் பிப்ரவரியில் பாதை பராமரிப்புக்காக மூடப்படுகிறது.