பால்சா மரமும் கரியிழையும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கழக்கூட்டம் என்றோர் ஊர் உண்டு. அதனை அடுத்த கடலோரச் சிற்றூர் தும்பா. 1963 நவம்பர் 21-ஆம் நாள், நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் விண்ணாராய்ச்சி ராக்கெட் எழுந்தது அங்கேதான். அவ்விடத்தில் பின்னர் நிகழ்ந்த ஓர் அரிய முயற்சியை விளங்கிக்கொள்ள, நேயர்களே, நாம் ஒரு மாதிரி விமானத்தின் இறக்கையிலிருந்து தொடங்குவோம்.

அவ்விறக்கை பெரும்பாலும் பால்சா மரத்தால் ஆவது. ஈக்வடார் நாட்டில் மிகுதியாக விளையும் இம்மரம், அதே அளவு நீரின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே கனமுடையது. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. அப்போது இறக்கைச் சட்டத்தின் மேற்புறம் நசுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது, நடுப்பகுதிக்கு அத்துணை வருத்தமில்லை. ஆகவே, மேலும் கீழும் மெல்லிய கரியிழைப் பட்டைகளைப் பிசின் கொண்டு ஒட்டினால் போதும். இழை பளுவைத் தாங்குகிறது. மரமோ இரு பட்டைகளையும் விலகி நிற்கச் செய்கிறது. பட்டை திடீரென முடியுமிடத்தில் இறக்கை முறியக்கூடும். ஆதலின் நுனியை நோக்கி அதனைச் சிறுகச் சிறுக ஒடுக்குவர்.

இக்கருத்து கரியிழைக்கு முற்பட்டது. 1940-இல் பறந்த பிரிட்டனின் மாஸ்கிட்டோ விமானத்தின் உடற்பகுதி, ஒட்டுப்பலகைகளின் இடையே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டது. 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் வலிமைமிக்க கரியிழையைக் கண்டார். ஜப்பானில் அகியோ ஷிண்டோவும் பிரிட்டனில் பார்ன்பரோ ஆய்வாளர்களும் அதனை மேலும் வளர்த்தனர். ஆயினும் இவ்விழை எஃகைப்போல் வளைந்து எச்சரிப்பதன்று, சட்டென முறிவது. ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் தன் புதிய எஞ்சினுக்குக் கரியிழை விசிறித் தகடுகளைச் செய்தது. பறவை மோதும் சோதனையில் அவை தோற்றன. டைட்டானியத்தை நாட நேர்ந்தது. அவ்வெஞ்சினின் செலவுச் சுமையால் 1971-இல் அந்நிறுவனமே நொடித்தது.

தும்பாவில் இராமேசுவரத்தவரான அப்துல் கலாம் இழைக் கூட்டுப்பொருள்களில் ஈடுபட்டார். அவர் திட்ட இயக்குநராய் இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 கலத்தின் மேலிரு கட்டங்களின் உறைகள், எஃகாலன்றிக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு ஆக்கப்பட்டன. ஏன்? அக்கலத்தின் எடை 17 டன். அது சுமந்த ரோகிணித் துணைக்கோளோ 35 கிலோ. கடைசிக் கட்டம் துணைக்கோளுடனேயே சுற்றுப்பாதையை அடைவதால், அதன் உறையில் மிகும் ஒவ்வொரு கிலோவும் துணைக்கோளிடமிருந்து பறிக்கப்படும் கிலோவாகும். 1979-இல் முதற்கலம் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18-ஆம் நாள் இரண்டாவது கலம் ரோகிணியை விண்ணில் நிறுத்தியது.

அக்கணக்கு இன்றும் மாறவில்லை. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் பி.எஸ்.எல்.வி. கலத்தின் நான்காம் கட்டத்திற்கு, கரியிழையைக் கரியிலேயே பதித்து ஒரு புகைவாய்க் கூம்பை ஆக்கியுள்ளதென 2024 ஏப்ரலில் அறிவிப்பு வெளிவந்தது. உலோகக் கூம்பைவிட அதன் எடை ஏறத்தாழ 67 விழுக்காடு குறைவு. அதனால் 15 கிலோ வரை மிகுதியாகச் சுமக்க இயலும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்தகைய பொருளைக் ‘கூட்டுப்பொருள்’ என்கிறோம். பெயர் பொருத்தமே. மரம் மரமாகவும் இழை இழையாகவும் இருந்து, ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றது. கனத்தைக் கூட்டுவதால் மட்டும் வலிமை வருவதில்லை. பளு விழும் இடமறிந்து உரிய பொருளை வைப்பதால் வருகிறது. மாதிரி விமானம் செய்யும் மாணவன் கையில் ஏந்துவது விளையாட்டுப் பொருளேயாயினும், கழக்கூட்டத்துக் கடலோரம் கற்ற பாடமும் அதில் அடங்கியிருக்கிறது.